கடைசி ஹைஃபனில் வெட்டினால் போதுமா?

பைத்தான் நிரல்மொழியின் தொகுப்புகளை ஒரே சர்வரில் இறக்கி வைத்து, எது எந்தப் பதிப்பு என்று பட்டியலிடும் சிறு நிரல் ஒன்று எங்கள் பாளையங்கோட்டை அலுவலகத்தில் ஓடுகிறது. அந்தப் பட்டியலில் ‘பைத்தான்-டேட்யூட்டில்-2.8.2.டார்.ஜிஇசட்’ என்ற கோப்பு, பெயர் ‘பைத்தான்’, பதிப்பு ‘டேட்யூட்டில்-2.8.2.டார்’ என்று ஏறியிருந்தது. (வாலில் ஒட்டிய ‘.டார்’ எல்லாத் தொகுப்புகளிலும் இருந்ததுதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) கோப்பின் பெயரை முதல் ஹைஃபனில் வெட்டியதே கோளாறு. அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் தம்பி அதைச் சரிசெய்து, “அண்ணாச்சி, ரெண்டு வரிதான், பாத்துட்டு மெர்ஜ் பண்ணிருங்க” (அதாவது, மூல நிரலோடு சேர்த்துவிடுங்கள்) என்று அனுப்பியிருந்தார்.

ஒரு வரி ‘.டார்.ஜிஇசட்’டை முழுதாக நீக்குகிறது. அதில் குறை இல்லை. மற்றது, முதல் ஹைஃபனுக்குப் பதிலாகக் கடைசி ஹைஃபனில் வெட்டுகிறது. ‘.டார்.ஜிஇசட்’ என முடியும் மூலநிரல் கோப்புக்கு இது பொருந்தும். ஆனால் இதே தொகுப்பின் வீல் கோப்பு (நேரடியாக நிறுவத் தயாராக இருக்கும் வடிவம்) ‘பைத்தான்_டேட்யூட்டில்-2.8.2-பிஒய்2.பிஒய்3-நன்-எனி.டபிள்யூஹெச்எல்’ என்று வருவதால், புதிய வரி அதன் பதிப்பை ‘எனி’ என்று சொல்லிவிடும். வீலில் பெயர், பதிப்பு, விரும்பினால் ஒரு பில்ட் எண், அதன்பின் பைத்தான், ஏபிஐ (ABI, இருமநிலை இடைமுகம்), இயங்குதளக் குறிகள் என்பது வரிசை. பெயருக்குள் இருக்கும் ஹைஃபன் அடிக்கோடாக மாறிவிடுவதால் இடமிருந்து முதல் இரண்டு துண்டுகளை எடுத்தால் போதும். மூலநிரல் கோப்பை வலமிருந்து பிரிக்க வேண்டும், வீலை இடமிருந்து பிரிக்க வேண்டும் என்றால், பின்னொட்டைப் பார்க்காமல் எந்த வரி எழுதினாலும் ஒரு பக்கம் உடையத்தான் செய்யும்.

ஆகவே கையால் வெட்டுவதை விட்டுவிட்டு, ‘பேக்கேஜிங்’ நூலகத்தில் இரு வகைக்கும் தனித்தனியாக உள்ள செயற்கூறுகளை அழைக்கும்படி எழுதினேன். பெயரில் வரும் ஹைஃபன், அடிக்கோடு, புள்ளி மூன்றையும் அது ஒரே ஹைஃபனாக்கிவிடுவதால் இரு கோப்புகளும் ஒரே தொகுப்பாகச் சேரும். 2.10ஐ 2.9க்கு முன்னால் வைக்கும் எழுத்துவரிசைக் குழப்பமும் தீரும்.

அந்த நூலகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ‘1.0-1’ என்பது ‘1.0.போஸ்ட்1’க்கு (1.0க்குப் பிந்தைய சிறு திருத்த வெளியீடு) இணையாக ஏற்கப்படும் பழைய வடிவம். அப்படி முடியும் மூலநிரல் கோப்பை அதுவும் கடைசி ஹைஃபனிலேயே வெட்டி, பதிப்பு 1 என்று சத்தமில்லாமல் சொல்லிவிடும். எங்கள் சர்வரில் அத்தகைய கோப்பு இல்லை என்பதால் அதற்கென நிரல் எழுதச் சொல்லவில்லை. ஹைஃபனுக்குப் பின் வெறும் ஒற்றை எண் வந்தால் எச்சரிக்கை காட்டினால் போதும் என்றேன். இந்த மூன்று கோப்புப் பெயர்களையும் டெஸ்டில் சேர்த்து அனுப்பினால் மெர்ஜ் செய்துவிடுவேன்.