ஒற்றைப் பத்தியில் ஒரு மனிதர்

1999 அக்டோபர் 12 அன்று இரவுப் பணியில் இருந்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் அது எனக்கு இரண்டாம் ஆண்டு. கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ராணுவத் தளபதி பர்வேஸ் முஷாரபைப் பிரதமர் நவாஸ் ஷெரீப் பதவி நீக்கியதும், முஷாரப் வந்த பயணிகள் விமானம் எரிபொருள் குறைந்த நிலையில் கராச்சிக்கு மேலே வட்டமிட்டதும், அதற்குள் ராணுவம் விமான நிலையத்தைக் கைப்பற்றிவிட்டதும் ஏஜென்சி செய்திகளாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நான் “பாகிஸ்தானில் ஆட்சி மாற்றம்” என்று தலைப்பிட்டேன். மூத்த உதவி ஆசிரியர் அதை அடித்துவிட்டு “ஆட்சிக் கவிழ்ப்பு” என்று எழுதினார். “தம்பி, கவிழ்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தலைப்பில் மறைத்துவிடாதீர்கள்” என்றார்.

இரண்டு நாளில் வெளியான பிரகடனம், அரசமைப்புச் சட்டம் ரத்து செய்யப்படுவதாகச் சொல்லவில்லை; நிறுத்திவைக்கப்படுவதாகத்தான் சொன்னது. முஷாரபும் சர்வாதிகாரி என்றோ ராணுவச் சட்ட நிர்வாகி என்றோ அல்லாமல் ‘தலைமை நிர்வாகி’ என்றே தம்மை அழைத்துக்கொண்டார். வந்ததை வந்தபடி மொழிபெயர்த்தேன். அரசமைப்பைப் பலவந்தமாக ரத்து செய்வதும் சீர்குலைப்பதும் தேசத்துரோகம் என்று 1973 அரசமைப்பின் 6 ஆவது பிரிவு கூறுகிறது என்பதை அறிந்த பிறகுதான், ‘நிறுத்திவைப்பு’ என்ற சொல் எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது புரிந்தது. 2000 மே மாதம் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிய செயலையும் நாட்டின் அவசியம் கருதி ஏற்கலாம் என்னும் தேவைக் கோட்பாட்டின் பெயரால் அந்த ஆட்சியை ஏற்று, மூன்று ஆண்டு அவகாசமும் அரசமைப்பைத் திருத்தும் அதிகாரமும் வழங்கியது. 2010 இல் 18 ஆவது திருத்தம் வந்தபோது, இடைநிறுத்துவதும் நிறுத்திவைப்பதும்கூட தேசத்துரோகமே என்றும், அத்தகைய செயலை எந்த நீதிமன்றமும் செல்லத்தக்கதாக்கக் கூடாது என்றும் நாடாளுமன்றம் எழுதிச் சேர்த்தது.

அந்த 2000 ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னணிக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய வழக்குகளைப் படித்தேன். 1954 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் குலாம் முகமது, அரசமைப்பை இயற்றக் கூடியிருந்த அரசமைப்பு அவையைக் கலைத்ததும், அவைத் தலைவர் மௌலவி தமீசுத்தீன் கான் சிந்து தலைமை நீதிமன்றத்தில் வென்றதும், 1955 இல் தலைமை நீதிபதி முகமது முனீரின் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வெற்றியைப் பறித்ததும் ஓரளவு அறிந்தவைதான். அரசமைப்பு அவை இறையாண்மை உடையது, அது இயற்றிய சட்டத்துக்கு கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் தேவையில்லை என்று தனித்து நின்று எழுதிய நீதிபதி கார்னீலியஸின் மாறுபட்ட தீர்ப்பை அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். இன்றும் எப்போதாவது அதை எடுத்துப் படிக்கிறேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. ஜெனரல்களுக்கு வழிவிட்ட பெரிய தீர்ப்புகள் பலவற்றுக்கும் அடியில், சிறையில் இருந்த ஒரு தனி மனிதர் இருந்தார். 1958 இல் ராணுவப் புரட்சியே சட்டத்தைப் பிறப்பிக்கும் மூலம் என்று முனீர் எழுதிய வழக்கு, பலூச் பகுதியைச் சேர்ந்த தோசோ என்ற கொலைக் குற்றவாளியைப் பற்றியது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 1901 ஆம் ஆண்டு எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறையின்படி முறையான நீதிமன்றம் அல்லாமல் பழங்குடிப் பெரியவர்களின் அவையான ஜிர்கா விசாரித்தது சரியா என்பதே அவரது கேள்வி. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இடையில் ராணுவ ஆட்சி வந்துவிட்டதால், அவர் நம்பி வந்த அடிப்படை உரிமையே இல்லாமல் போயிற்று. 1971 டிசம்பரில் சுல்பிகார் அலி பூட்டோ ஆட்சியின் தொடக்க நாட்களில், தந்தை மாலிக் குலாம் ஜிலானி தடுப்புக் காவலில் வைக்கப்பட்டதை எதிர்த்து இருபது வயது நிறையாத அஸ்மா ஜிலானி, பின்னாளில் அஸ்மா ஜஹாங்கீர், நீதிமன்றம் போனார். 1972 இல் உச்ச நீதிமன்றம் தோசோ தீர்ப்பை நிராகரித்து, பூட்டோவுக்கு முந்தைய ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானை அதிகாரத்தைப் பறித்துக்கொண்டவர் என்று அறிவித்தது. அப்போது யாஹ்யா பதவியில் இல்லை. ஐந்தே ஆண்டுகளில் அதே நீதிமன்றத்துக்குக் காவலில் இருந்த கணவர் பூட்டோவுக்காக நுஸ்ரத் பூட்டோ வந்தார். பூட்டோவைக் கவிழ்த்த தளபதி ஜியா உல் ஹக் பதவியில் இருந்தார். தேவைக் கோட்பாடு திரும்பிவந்தது. 1979 ஏப்ரல் 4 அன்று தூக்கிலிடப்பட்ட பூட்டோவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது 2024 மார்ச்சில்.

நான் எழுதிய குறிப்பில் இந்த மகளும் மனைவியும் இல்லை. இடம் போதாது என்று நானே வெட்டினேன். தளபதிகளின் படங்களுக்கு மூன்று பத்தி அகலம் கொடுத்து, ஆட்கொணர்வு மனுக்களை ஒற்றைப் பத்தியில் பக்கத்தின் அடியில் வைப்பதே பல ஆண்டுகள் என் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை நினைத்து இப்போதும் வருந்துகிறேன்.

பலூசிஸ்தானிலிருந்து வந்த செய்திகளில் இன்னொரு தவறும் செய்தேன். ஆள்களைப் பிடித்துச்சென்று இருப்பிடம் சொல்லாமல் வைத்திருப்பதை “காணாமல் போனார்” என்றே எழுதிவந்தேன். தமிழில் அப்படி எழுதினால் போனவரே வினை செய்தவராகிவிடுகிறார். ஈழத்துத் தாய்மார்கள் தெருவில் அமர்ந்து பெற்ற சொல்லான ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ எங்களிடம் இருந்தும், பாகிஸ்தான் செய்திக்கு அதை எடுத்தாள எனக்குத் தோன்றவில்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அந்நாட்டு அரசமைப்பின் 10 ஆவது பிரிவு. ஆள்களை வலிந்து காணாமல் ஆக்குவோரைத் தண்டிக்கத் தனிக் குற்றப்பிரிவு கொண்டுவரும் மசோதா 2021 இல் தேசிய அவையில் நிறைவேறியது. செனட்டுக்குப் போன மசோதாவைக் காணவில்லை என்று 2022 தொடக்கத்தில் மனித உரிமை அமைச்சர் ஷிரீன் மசாரியே சொன்னார். 2023 டிசம்பரில் பலூசிஸ்தானின் துர்பத்திலிருந்து இஸ்லாமாபாத் வரை பலூச் பெண்கள் நடத்திய பேரணியைக் காவல்துறை தண்ணீர் பீய்ச்சியும் கைது செய்தும் எதிர்கொண்ட அன்று, ‘ஆக்கப்பட்டோர்’ என்ற சொல்லை முதன்முறையாகத் தலைப்பில் வைத்தேன். தலைப்பு நீண்டது, படத்தைச் சிறிதாக்கினோம்.

2025 நவம்பரில் பாகிஸ்தான் அரசமைப்பின் 27 ஆவது திருத்தம் நிறைவேறி, கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் என்ற புதிய அமைப்பு உருவாகி, ராணுவத் தளபதியான ஃபீல்ட் மார்ஷலுக்கு வாழ்நாள் சட்டப் பாதுகாப்பு கிடைத்து, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மன்சூர் அலி ஷாவும் அத்தர் மினல்லாவும் பதவி விலகிய அன்று, என்றோ ஓய்வு பெற்றுவிட்ட அந்த மூத்தவர் இரவில் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நாளைக்கு மகனைத் தேடி ஒரு தாய் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள் என்று உங்கள் செய்தியில் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை. பக்கம் அச்சுக்குப் போக நாற்பது நிமிடம் இருந்தது. அவள் முன்போல உயர் நீதிமன்றத்துக்குத்தான் போவாள் என்றும், அரசமைப்பு விவகாரங்களில் இறுதிச் சொல் இனி உச்ச நீதிமன்றத்திடம் இருக்காது என்றும், புதிய நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியைப் பிரதமரின் ஆலோசனைப்படி அதிபர் நியமித்தார் என்றும் மூன்று வரிகளைச் செய்தியின் இரண்டாம் பத்தியில் சேர்த்தேன்.