நயன்தாரா சாகலைத் தமிழாக்கிப் பார்க்கிறேன்: பதினோரு பக்கம் வரை

ஆடி பிறந்ததும் தொடங்கினேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணை, வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம். இந்திய ஆங்கில எழுத்தாளர் நயன்தாரா சாகலின் 'பிரிசன் அண்ட் சாக்லெட் கேக்' (1954) நினைவுநூலை ஒரு நோட்டில் தமிழாக்கி வருகிறேன். அச்சுக்கு அல்ல, ஆசைக்கு.

முதலில் படித்தது அவருடைய 'ரிச் லைக் அஸ்' நாவலைத்தான். நெருக்கடி நிலைக் காலத்துக் கதை. 1986-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் மகள் இவர். இந்திராவுக்கு அத்தை மகள். சொந்த மாமா மகள் கொண்டுவந்த அடக்குமுறையை எதிர்த்து எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அது எந்த வீட்டில் வளர்ந்தது என்று பார்க்கத்தான் இந்த நூலை எடுத்தேன்.

கேக் காட்சிக்கே நான்கு நாள் ஆனது. பிள்ளைகள் சாக்லெட் கேக் சாப்பிடும் நேரத்தில் அப்பாவைப் பிடித்துப்போகப் போலீஸ் வருகிறது. 'கைது செய்யப்பட்டார்' என்று எழுதி, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். "சின்னப்புள்ள இப்படியாலே பேசும்? போலீசு அப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டாவன்னுல்லா சொல்லும்" என்றார். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். பக்கத்துக்கு உயிர் வந்துவிட்டது. நேருவை சாகல் 'மாமு' என்றே அழைப்பார். அதை 'மாமா' என்று எழுதியபோது பிரதமர் மறைந்து தாய்மாமன் வந்து நின்றார்.

அப்பா ரஞ்சித் பண்டிட் சிறையிலிருந்தபடி, காஷ்மீர மன்னர்களின் கதை சொல்லும் 'ராஜதரங்கிணி'யை சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர். நம் ஊர் வ.உ.சி.யும் சிறையில் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினாரே! செக்கிழுத்த கையால் அதையும் செய்தார். அதை நினைத்தால், விசிறிக்கடியில் உட்கார்ந்து ஒரு நாள் விடுவதற்குக்கூட மனம் வரவில்லை.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது அந்த அப்பாவின் மரணத்தில். மகள்கள் 1943-இல் படிக்க அமெரிக்கா போகிறார்கள். சிறையில் உடல் கெட்ட அவர் 1944 ஜனவரியில் இறந்துவிடுகிறார். 'காலமானார்' என்றால் பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது. 'இறந்துபோனார்' என்றால் அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் நடுவே கிடந்த கடல் தெரியவில்லை. மூன்று முறை அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆச்சி கோயிலிலிருந்து வந்ததும் இந்தப் பத்தியை வாசித்துக் காட்ட வேண்டும்.