ஹை-பவர் வாங்குவது: கழித்த பெல்ஜியமா, புதுப் பிரதியா?

அமெரிக்காவில் இன்று ஒரு பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டல் வாங்க இரண்டு வழி இருக்கிறது. பெல்ஜியத்தின் எஃப்என் துப்பாக்கி ஆலையில் பிறந்து, ஏதோ ஒரு நாட்டுப் போலீஸின் இடுப்பில் பல ஆண்டு தொங்கி, கடைசியில் கழித்துவிடப்பட்ட சர்ப்ளஸ் ஒன்று. அதே அமைப்பைப் பின்பற்றித் துருக்கியிலோ அமெரிக்காவிலோ புதிதாகச் செய்த பிரதி இன்னொன்று. பெரும்பாலோர் மேல்பூச்சையும், ஸ்லைடில் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) பொறித்த பெயரையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அது தவறு. பேரலை ஸ்லைடோடு பூட்டும் மேடுகள், பேரலுக்கு அடியில் அந்தப் பூட்டைத் திறக்கும் கேம் என்ற கட்டை, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி ஆகிய மூன்றையும் பார்க்காமல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. அந்த மூன்றும் சரியாக இருக்கிற பழைய எஃப்என் கிடைத்தால் எந்தப் பிரதியும் அதற்கு ஈடில்லை. அவை தேய்ந்துவிட்டால், துருக்கியப் பிரதியே நல்ல துப்பாக்கி.

மாதிரிகளை அடையாளம் காண வேண்டிய அளவுக்கு மட்டும் வரலாறு. ஜான் பிரௌனிங் 1926-இல் லியேஜில் இறந்தபோது இந்த பிஸ்டல் முடிவடையவில்லை. எஃப்என்-இன் தியூதோனே சேவ் அதை முடித்தார், 1935-இல் பெல்ஜியப் படை ஏற்றது. 13 தோட்டா கொள்ளும் மேகசின், 9×19 மி.மீ. தோட்டா, சுமார் 900 கிராம் எடை. போர்க்காலத்தில் ஜெர்மானியர் எஃப்என் ஆலையைப் பிடித்துக்கொண்டதால், நேச நாடுகளுக்காகக் கனடாவின் டொரண்டோவில் இங்லிஸ் நிறுவனம் 1944-45-இல் ஏறக்குறைய 1,50,000 செய்தது. 1962 வாக்கில் எக்ஸ்ட்ராக்டர், அதாவது காலி உறையை இழுத்தெடுக்கும் கொக்கி, ஸ்லைடுக்கு உள்ளேயிருந்து வெளியே வந்தது. 1980-களில் மார்க் 2, மார்க் 3 வந்தன. 1990-களில், .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவின் அடியைத் தாங்குவதற்காக அடித்து உருவாக்கிய ஃபிரேமுக்கு (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ச்சட்டம்) பதில் வார்ப்பு ஃபிரேம் வந்தது. 2017-18 வாக்கில் எஃப்என் நிறுத்திக்கொண்டது. விற்பனையாளர் "ஹை-பவர்" என்று மொத்தமாகப் போட்டிருந்தால், இதில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலையைப் பேச வேண்டும்.

சமீப ஆண்டுகளில் கைக்கு எட்டிய சர்ப்ளஸில் பெரும்பகுதி இஸ்ரேலியப் போலீஸிடமிருந்து வந்தவை. போலீஸ் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு: சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. ஸ்லைடின் முன்முனையும் ஃபிரேமின் விளிம்புகளும் உறையில் உரசி வெள்ளை வெளேரென்று இருக்கும், பேரலுக்குள் எட்டிப் பார்த்தால் சுழல் வரிகள் கூர்மையாக நிற்கும். பார்வைக்கு அசிங்கமாக இருப்பது விலையைக் குறைக்கிறதே தவிர இரும்பைக் குறைக்கவில்லை. மாறாகப் பளபளவென்று இருக்கும் சர்ப்ளஸைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, துளைகளின் வாய் கிண்ணம் போல் குழிந்திருந்தால் யாரோ பாலிஷ் போட்டு மறுபடி பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். பாலிஷுக்கு அடியில் இருந்தது துருக் குழியாகவும் இருக்கலாம்.

கையில் வாங்கியதும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை முழுக்க இழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் பாருங்கள். அதன் பிறகு காலி மேகசினை மறுபடி போடுங்கள். இது முக்கியம். ஹை-பவரில் மேகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. விசைக்குள் இருக்கும் சின்ன ஊசி மேகசினின் முன்முகத்தில் முட்டினால்தான் விசை சுத்தியலோடு இணைகிறது. இது தெரியாமல் "துப்பாக்கி கெட்டுப்போயிருக்கிறது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. விசை மணல் அரைப்பது போல் இழுப்பதற்கும் அந்த ஊசி மேகசின் முகத்தில் தேய்வதே காரணம். மேகசினின் முன்முகம் வழவழப்பாக இருந்தால் பாதிக் கரகரப்பு போய்விடும்.

இப்போது சேஃப்டி. சுத்தியலை மேலே ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, விசையை நன்றாக அழுத்தி விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுங்கள். சுத்தியல் அசையக் கூடாது. அசையவில்லை என்பதோடு விட்டுவிடாமல், துப்பாக்கியைக் காதருகே கொண்டுபோய்ச் சுத்தியலைக் கட்டைவிரலால் ஒரு மயிரிழை பின்னால் இழுங்கள். 'டிக்' என்று கேட்டால், விசையை அழுத்தியபோது, சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் கொஞ்சம் நழுவியிருக்கிறது, இப்போது திரும்பத் தன் இடத்தில் உட்கார்கிறது. சேஃப்டி தேய்ந்திருக்கிறது என்று பொருள். புதுச் சேஃப்டி வாங்கிப் போட்டால் போதாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரம் வைத்துப் பொருத்த வேண்டிய பாகம் அது, கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்து, சேஃப்டி இல்லாமல் ஏற்றிய சுத்தியலைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விழுந்தால் யாரோ விசையை மென்மையாக்குவதற்காகச் சியரைத் தேய்த்திருக்கிறார்கள். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவது நல்லது.

பிரித்துப் பார்க்கச் சம்மதிக்காத கடையில் சர்ப்ளஸ் வாங்காதீர்கள். பிரிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேஃப்டி முனையை ஸ்லைடின் முன்பக்க வெட்டில் மாட்டுங்கள். ஸ்லைடு ஸ்டாப்பை வலப்பக்கத்திலிருந்து தள்ளினால் இடப்பக்கம் வெளியே வரும். சேஃப்டியை விடுவித்து ஸ்லைடை முன்னால் உருவினால் முடிந்தது. ஸ்பிரிங் கம்பியை முன்னால் தள்ளித் தூக்கினால் ஸ்பிரிங்கும் பேரலும் கழன்றுவிடும்.

பேரலின் மேற்புறத்தில் இரண்டு மேடுகள், ஸ்லைடின் உட்கூரையில் அவற்றுக்கான இரண்டு பள்ளங்கள். சுடும் கணத்தில் ஸ்லைடையும் பேரலையும் பூட்டி வைப்பவை இவைதான். மேட்டின் விளிம்பு சதுரமாக, கூராக இருக்க வேண்டும். ஓரம் உருண்டு, இரும்பு நசுங்கிப் பிதுங்கியிருந்தால் அந்தத் துப்பாக்கி சோர்ந்த ஸ்பிரிங்கோடு அதிக அழுத்தத் தோட்டாக்களைச் சுட்டிருக்கிறது. ஸ்லைடுப் பள்ளத்தில் நகத்தை ஓட்டுங்கள், பிதுங்கல் தட்டுப்படும். சந்தேகம் இருந்தால் கன்ஸ்மித்திடம் ஹெட்ஸ்பேஸ் கேஜ், அதாவது தோட்டா அறையின் ஆழத்தைச் சோதிக்கும் அளவுத் துண்டு, இருக்கும். 'நோ-கோ' கேஜை வைத்தால் ஸ்லைடு முழுதாக மூடக் கூடாது. பேரலை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம் என்பார்கள். ஸ்லைடுப் பள்ளமும் நசுங்கியிருந்தால் புதுப் பேரலும் அதே கதிக்குத்தான் போகும்.

பிறகு ஃபிரேமுக்குள், பேரலின் அடிப்பகுதி வழுக்கி இறங்கும் குறுக்குக் கட்டை, ஆரம்பத்தில் சொன்ன கேம். பேரலைக் கீழே இழுத்துப் பூட்டைத் திறப்பது இதுதான். டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, இரண்டு முனைகளிலும் விரிசல் இருக்கிறதா, விரலால் அழுத்தினால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பேச்சுக்கே இடமில்லை. கூடவே கைப்பிடிப் பலகைகளையும் கழற்றச் சொல்லுங்கள். வியர்வை தங்கிய துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். மேலோட்டமான செந்துரு பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள்.

பழைய பேரல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மார்க் 2-வுக்கு முந்தையவற்றில் தோட்டா ஏறும் சரிவு நேராக இல்லாமல் நடுவில் திமில் வைத்திருக்கும். ராணுவ உருண்டை முனைத் தோட்டாவுக்காக அமைத்தது அது. அதை வழுக்கிக்கொண்டு ஏற்றும். குழிமுனைத் தோட்டா அந்தத் திமிலில் முட்டி நின்றுவிடும். திமிலைக் குடைந்து நேராக்க முடியும், ஆனால் சேகரிப்பு மதிப்பு அன்றே போய்விடும். உருண்டை முனை மட்டும் சுடுவதென்றால் தொடவே தேவையில்லை.

ஃபிரேம், ஸ்லைடு, பேரல் மூன்றிலும் ஒரே எண் இருந்தால் மகிழ்ச்சி. லியேஜ் பரிசோதனைக் கூடத்தின் முத்திரைகளும், இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பொறித்த சின்ன எழுத்துகளும் இருக்கும். இறக்குமதி முத்திரை சேகரிப்பவர்களுக்கு உறுத்தும், சுடுபவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. எண் பொருந்தாத பேரல் என்றால் மேலே சொன்ன பூட்டு மேடுகளை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

சர்ப்ளஸின் விலை, சீட்டில் இருப்பதோடு முடியாது. ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள், ஆலை அளவு 17 பவுண்டு. சுத்தியல் ஸ்பிரிங் 32 பவுண்டு, அதையும் மாற்றலாம். பழைய மேகசின்களில் தோட்டாவைப் பிடிக்கும் மேல் உதடு விரிந்து, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். தோட்டா மூக்கை மேலே தூக்கிக்கொண்டு அடைத்தால் முதல் குற்றவாளி மேகசின்தான், துப்பாக்கி அல்ல. இத்தாலியின் மெக்-கார் செய்யும் புது மேகசின் இரண்டு வாங்குங்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 டாலர் கூடும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை வாங்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிரதிகளுக்கு வருவோம். எல்லாப் பிரதியும் ஒரே ரகம் இல்லை. ஹங்கேரியின் ஃபெக் செய்த பிஜேகே-9எச்பி உண்மையான பிரதி, பாகங்கள் பெரும்பாலும் எஃப்என்-க்குப் பொருந்தும். அதே ஃபெக்கின் பி9ஆர் வெளியிலிருந்து பார்த்தால் தம்பி போலவே இருக்கும், உள்ளே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 59 பிஸ்டலை ஒத்த இரட்டைச் செயல் அமைப்பு, விசையை இழுத்தாலே சுத்தியல் ஏறி அடிக்கும். ஹை-பவர் பாகம் எதையும் நம்பி அதை வாங்கக் கூடாது. விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் விசை மிக முன்னால் நின்றால் உஷாராகிவிடுங்கள். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் எஃப்என் உரிமத்தோடு செய்தவற்றை, குறிப்பாக ஆரம்ப காலத்தவற்றை, உடன்பிறப்பு என்றே சொல்லலாம். பின்னால் வந்தவற்றில் ஸ்லைடின் வடிவமே மாறியது. (இந்தியாவிலும் ஒன்று உண்டு. மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ரைஃபிள் ஆலை செய்யும் 9 மி.மீ. 1ஏ, இங்லிஸ் மாதிரியைப் பின்பற்றியது. ஆனால் 9 மி.மீ. இந்தியச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட அளவு. படைகளுக்கும் போலீஸுக்கும்தான், தனியாருக்குக் கிடையாது.)

இப்போது புதிதாகக் கிடைப்பவற்றில் துருக்கியின் கிர்சான் எம்சி பி35-உம், 2021 அக்டோபரில் வந்த ஸ்பிரிங்ஃபீல்டின் எஸ்ஏ-35-உம் முக்கியமானவை. கிர்சான் மார்க் 3-ஐ ஒட்டியது, விலையில் மலிவு. எஸ்ஏ-35 வெளிவந்தபோது 699 டாலர். அதில் மேகசின் ஊசியை நீக்கிவிட்டார்கள், சுத்தியல் கையின் தோலைக் கடிக்காதபடி வடிவம் மாற்றினார்கள், சேஃப்டியைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி நீட்டினார்கள், 15 தோட்டா மேகசின் கொடுத்தார்கள். பழைய ஹை-பவரில் சுடுபவர்கள் பல பத்தாண்டுகளாகக் காசு கொடுத்துச் செய்துகொண்ட திருத்தங்கள் இவை. 2022-இல் எஃப்என் தானே வெளியிட்ட புது ஹை பவரை இதில் சேர்க்காதீர்கள். பெயர்தான் அது, பாகங்களும் மேகசினும் பொருந்தாது.

புதியது என்பதால் பிரதியைப் பார்க்காமல் வாங்கலாம் என்றில்லை. தோட்டா ஏறும் சரிவில் கருவித் தடம், ஸ்லைடு ஓடும் தடங்களில் பிசிர், எக்ஸ்ட்ராக்டரின் பிடி ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்லைடைக் கழற்றி, காலி உறையின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் செருகி மெல்ல ஆட்டினால் விழக் கூடாது. சேஃப்டி சோதனையும் சுத்தியல் அழுத்தும் சோதனையும் இதற்கும் அப்படியே. பிரதியின் பெரிய பலம் உத்தரவாதம். ஆண்டுக்கு சில ஆயிரம் தோட்டா சுடுபவர், பூட்டு மேடு தேய்வதைப் பற்றிக் கவலைப்படாமல் சுட வேண்டுமென்றால் நான் தயங்காமல் பிரதியைச் சொல்வேன். எப்போதாவது சுட்டு, எண்ணெய் போட்டு, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நினைப்பவருக்கு எஃப்என்.

காகித வேலையில் கவனிக்க வேண்டியது வரிசை. தயாரித்து 50 ஆண்டு கடந்து, மூல அமைப்பு மாறாமல் இருக்கும் பிஸ்டலுக்கு 'க்யூரியோ அண்ட் ரெலிக்' என்ற சேகரிப்பாளர் உரிமம் பயன்படும். மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம். துப்பாக்கி நேராக வீட்டுக்கே வரும், வந்ததைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மாநிலச் சட்டம் தனி, அதையும் பாருங்கள். மற்றவற்றுக்கு உரிமம் பெற்ற டீலர் வழிதான், படிவம் 4473, பின்னணிச் சோதனை, வயது 21. இணையத்தில் வாங்கி டீலரிடம் வரவழைத்தால், படிவத்தில் கையெழுத்திடும் முன்பே மேலே சொன்ன சோதனைகள் அனைத்தையும் அவருடைய மேசையிலேயே செய்துவிடுங்கள். கையெழுத்திட்ட பிறகு பெரும்பாலான விற்பனையாளர்கள் திருப்பி எடுக்க மாட்டார்கள். 'கைத்தேர்வு' என்று கூடுதலாக 20, 30 டாலர் கேட்டால், பேரலையும் பூட்டு மேட்டையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்களா என்று கேளுங்கள். வெறும் பூச்சை மட்டும் பார்ப்பதானால் அந்தக் காசு வேண்டாம்.

முதல் நாள் சுடும்போது குண்டு எடை 115 அல்லது 124 கிரெய்ன் உள்ள சாதாரண உருண்டை முனை போதும். அதிக அழுத்தத் தோட்டா வேண்டாம். காலி உறைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். உறையின் அடியில் உள்ள ப்ரைமரில் ஊசி அடித்த இடம் நடுவில் இருக்க வேண்டும். உறையின் அடி உப்பியிருந்தால் சுடுவதை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேரலையும் ஹெட்ஸ்பேஸையும் கன்ஸ்மித்திடம் காட்டுங்கள். உறைகள் ஒரே திசையில் ஒரே தூரம் விழுந்தால் ஸ்பிரிங்கும் எக்ஸ்ட்ராக்டரும் ஒத்துப்போகின்றன. மிக அருகில் சோர்ந்து விழுந்தால் ஸ்பிரிங் கடினம், அல்லது தோட்டா பலவீனம். மிகத் தொலைவில் பறந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, 17 பவுண்டு ஸ்பிரிங்கைப் போட்ட பிறகே மறுபடி சுடுங்கள்.