அம்பாசிடருக்கு அடியில் ஒரு அட்டை

அப்பாவின் அம்பாசிடர் 1972 மாடல், மார்க் 2. அவர் போன பிறகு இரண்டு வருடம் கவர் போட்டபடியே நின்றது. பேட்டரி மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி ஓடவைத்த முதல் வாரமே போர்டிகோ தரையில் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. அடுத்த வாரம் அது தாம்பாளம் ஆனது. கோலம் போடும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் கறை. அம்மா காலையில் எதுவும் பேசமாட்டார், கோலப்பொடி டப்பாவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் லிப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும், 22,000 ஆகும்" என்றார்கள். நம்பும்படிதான் இருந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அதன் நுனியிலிருந்துதான் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்தப் பின் எதையும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. வண்டி அதிரும்போது ஆடி, ஓட்டை அழுக்கில் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

பணம் இல்லாததால் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா வழக்கமாகப் போகும் மெக்கானிக் பாயைத் தேடிப் போனேன். எழுபது தாண்டியவர், இப்போது கடை இல்லை. சீல் என்றதும் சிரித்தார்.

"இந்த இன்ஜின்ல பின்னாடி ரப்பர் சீலே கிடையாது தம்பி. எதை மாத்தப் போறாங்க?"

உண்மைதான். அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு காலத்து 1489 சிசி இன்ஜின் அது, பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியுடையது. இன்ஜினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க்கின் பின்முனையில் திருகு மரைபோல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே தள்ளிவிடும். நின்றுவிட்டால் தடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எங்கள் போர்டிகோ தெருவை நோக்கிச் சரிந்தது. நான் மூக்கை வீட்டுப் பக்கம் வைத்து நிறுத்துவேன். இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் எண்ணெய் முழுக்கப் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். போதாததற்கு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு மேலேயே ஊற்றி வைத்திருந்தேன்.

ஆனால் தாம்பாளம் அளவுக்கு ஒழுக அது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்றார் பாய். "எண்ணெய் மேல இருந்து கீழதான் ஓடும். சொட்டுற இடத்தைப் பாக்காதே, ஈரம் ஆரம்பிக்கிற இடத்தைப் பாரு."

இன்ஜினை டீசல் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினோம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால், வெள்ளையில் கோடு கிழித்த மாதிரி ஈரம் தெரிந்தது. மேனிபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் பின்பக்க டேப்பட் கவரில் (இன்ஜின் பக்கவாட்டில் உள்ள தகட்டு மூடி) ஆரம்பித்து, பிளாக்கின் ஓரமாக வழிந்து, பின்தகட்டைத் தொட்டு, அதே ஸ்பிளிட் பின்னில் போய் முடிந்தது.

கார்புரேட்டரையும் மேனிபோல்டையும் கழற்றினால்தான் அந்தக் கவருக்குக் கை போகும். அரை நாள் போனது. கார்க் பேக்கிங் பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. கவரே நடுவில் குழிந்திருந்தது. ஒரே ஒரு போல்ட்தான் அதைப் பிடிக்கிறது. ஒழுகும்போதெல்லாம் யாரோ இன்னும் ஒரு சுற்று முறுக்கியிருக்கிறார்கள். முறுக்க முறுக்க ஓரம் தூக்கிக்கொள்ளும், ஒழுகல் கூடும். மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி நேராக்கினோம். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிய புதுக் கார்க்கையும் போல்ட்டுக்கு அடியில் வரும் வாஷரையும் போட்டு, கைப்பிடி இறுக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

நான் கையைக் கழுவப் போனேன், பாய் விடவில்லை. வண்டியை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னார். இட்லிப் பானை மாதிரி புஸ் புஸ்ஸென்று உள்ளங்கையில் அடித்தது. முன்பக்க டேப்பட் கவரிலிருந்து கீழே இறங்கும், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டார். காய்ந்த செம்மண் கொட்டியது. குளவிக் கூடு! நின்றிருந்த இரண்டு வருடத்தில் கட்டியிருக்கிறது. ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸும் உப்பி, உள்ளே ஒட்டிக் கிடந்தது. இன்ஜின் மூச்சு விட வழியில்லாமல், இருக்கிற இடுக்கிலெல்லாம் எண்ணெயைப் பிதுக்கியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் இன்ஜினை இறக்கிக் கட்டியிருந்தாலும் அடுத்த மாதம் அதே தாம்பாளம்தான்.

அப்புறம் எண்ணெய். புது கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் ஊற்றியிருந்தேன், விலை கூட என்பதால் நல்லது என்று நினைத்து. அதை வடித்துவிட்டுக் கெட்டியான 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றினோம், கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே.

இப்போது ரிவர்ஸில்தான் நிறுத்துகிறேன், மூக்கு தெருப் பக்கம். ராத்திரிக்கு மூன்று சொட்டு, சில நாள் நான்கு. அடியில் பழைய டிவிப் பெட்டியின் அட்டை ஒன்று போட்டிருக்கிறேன். அந்தச் சொட்டையும் நிறுத்த முடியாதா என்று பாயிடம் கேட்டேன். "சொட்டு நின்னா முதல்ல டிப்ஸ்டிக்கைப் பாரு" என்றார்.