எம்42 எடுக்கும் வாரம்: ஜவ்வாது மலைக் குறிப்புகள்

ஜனவரி 16, 2026, வெள்ளி

மழைக்காலம் ஓய்ந்தாயிற்று, ஞாயிறு தை அமாவாசை. ஓரையன் நெபுலாவுக்கு (எம்42, ஓரையன் விண்மீன் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகம்) இதைவிடத் தோதான வாரம் அமையாது. ராத்திரி பத்து மணிவாக்கில் எம்42 உச்சத்துக்கு வரும். இங்கே அது 72 பாகை உயரம் ஏறும். லண்டனில் 33-ஐத் தாண்டாது. அடிவானத் தூசியும் காற்றின் நடுக்கமும் நம் படத்தில் குறைவதற்கு அதுதான் காரணம்.

ட்ராக்கர் (வானத்தின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் கருவி) இல்லாமல் எடுக்கலாமா? கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 200 மி.மீ. லென்ஸ், 4.3 மைக்ரான் பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு 4.4 விகலை (ஒரு பாகைக்கு 3600 விகலை). வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. ஒரே நொடியில் நட்சத்திரம் மூன்று பிக்சலுக்கு மேல் இழுபட்டுவிடும். 500-ஐ லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்து, அத்தனை நொடி திறந்துவைக்கலாம் என்கிற பழைய விதி அகல லென்ஸுக்கு ஓரளவு ஒத்துவரும், இதற்கு ஆகாது.

ஜனவரி 17, சனி

ட்ராக்கரின் அச்சை வான் துருவத்துக்கு நேராக்கத் துருவ நட்சத்திரம்தான் அடையாளம். ஆனால் ஓரையன் தலைக்கு மேல் ஏறுகிற ஊரில் துருவ நட்சத்திரம் தரையை ஒட்டித்தான் கிடக்கும். இங்கே உயரம் பன்னிரண்டரைப் பாகை. அதுவும் ஆம்பூர்ப் பக்கத்து வெளிச்சத்தில் மங்கித் தெரிகிறது. வடக்கே மரமோ மேடோ மறைக்காத இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்துவிட வேண்டும்.

முக்காலியின் ஒரு காலை நேர் வடக்கே வைப்பது வழக்கம். நம் அட்சரேகையில் ட்ராக்கர் ஏறக்குறையப் படுத்தே கிடப்பதால் எதிர் எடை மாட்டிய தண்டு அந்தக் காலில் இடிக்கும். வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவே இடைவெளி வருமாறு திருப்பி, கால்களை அகல விரித்து வைப்பது மேல்.

துருவ நட்சத்திரம் உண்மைத் துருவத்திலிருந்து 0.6 பாகை விலகியிருக்கிறது. முழுநிலவின் அகலத்தைவிட அதிகம். துருவநோக்கியின் (ட்ராக்கரில் உள்ள சிறு தொலைநோக்கி) நடுவில் அதைக் குத்தி வைத்தால் 60 நொடியில் 9 விகலைவரை நழுவும், அதாவது இரண்டு பிக்சல். அந்த நேரத்துக்கு உரிய அதன் கடிகார நிலையைச் செயலியில் பார்த்து, துருவநோக்கியில் உள்ள வட்டத்தின் மேல் வைக்க வேண்டும்.

ஃபோகஸுக்கு ஓரையனின் பிரகாசமான நட்சத்திரம் ரைஜல். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. பாட்டினோவ் முகமூடியை (கோடு கோடாக வெட்டிய, லென்ஸ் முன் மாட்டும் தகடு) மாட்டித் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கினால் ஒரு பெருக்கல் குறியும் குறுக்கே ஒரு கோடும் தெரியும். கோடு நட்டநடுவில் வந்ததும் வளையத்தில் இன்சுலேஷன் டேப். குளிர ஆரம்பித்த பிறகு இன்னொரு முறை சரிபார்க்காவிட்டால் பின்பாதிப் படங்கள் ஊதிப்போகும்.

ஜனவரி 18, ஞாயிறு

எஃப்/4, ஐஎஸ்ஓ 800, 60 நொடி வீதம் 90 படம். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு இடப்பக்கத்திலிருந்து கால்வாசியில். ஐந்து படத்துக்கு ஒருமுறை கேமராவின் குறியைச் சற்றே நகர்த்தினோம். நகர்த்தாவிட்டால் சென்சாரின் கறைகள் படமெல்லாம் சாய்கோடாக ஓடும்.

52-ஆவது படத்திலிருந்து நட்சத்திரங்களைச் சுற்றி வளையம். லென்ஸ் முகப்பில் பனி. சூடேற்றும் பட்டை லென்ஸின் நடுவில் கட்டப்பட்டிருந்தது; முன்கண்ணாடியை ஒட்டிக் கட்டியிருக்க வேண்டும். துணியால் துடைத்தால் கீறலும் ஈரப்படலமும்தான் மிச்சம். பட்டையை முன்னே நகர்த்திக் காத்திருப்பதே வழி. 16 படம் போச்சு.

பிறகு 5 நொடியில் 30 படம், நெபுலாவின் நடுவுக்காக. டார்க் (சென்சாரின் இரைச்சலைக் கழிக்க எடுக்கும் இருட்டுப் படம்) 20: மூடி போட்டு, அதே குளிரில், அதே 60 நொடி. ஃப்ளாட் (ஓரம் இருட்டுவதையும் தூசிக் கறையையும் சரிசெய்ய எடுக்கும் வெளிச்சப் படம்) 25: விடிகாலை வானத்தை நோக்கி, லென்ஸ் மேல் வெள்ளை பனியன் துணி. அதுவரை டேப்பைப் பிரிக்கக் கூடாது.

ஜனவரி 21, புதன்

சிரில் மென்பொருளில் மிஞ்சிய 74 படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியாயிற்று. இரைச்சல் எட்டரையில் ஒரு பங்காகக் குறைந்தது. இதிலும் பாதியாக்க 296 படம் வேண்டும். விமானக் கோடுகள் சிக்மா வடிகட்டலில் (மற்றப் படங்களோடு ஒட்டாத புள்ளிகளை நீக்குவது) தாமாகக் கழிந்துவிட்டன.

60 நொடி அடுக்கில் நெபுலாவின் இறக்கைகளும் வெளித்தூசியும் அழகாக விரிகின்றன. நடுவோ வெறும் வெள்ளைக் குழி. 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் திறந்துவைத்து இந்த நெபுலாவை முதன்முதலில் படம்பிடித்தார். அவருக்குக் கிடைத்தது பிரகாசமான நடுப்பகுதிதான். நம் கேமராவுக்குத் தொல்லை அதற்கு நேர்மாறு. 5 நொடி அடுக்கை மாஸ்க் போட்டு (நடுப்பகுதி மட்டும் தெரிய மற்றதை மறைத்து) நடுவில் பதித்ததும், நெபுலாவின் மையத்தில் நெருக்கமாக இருக்கும் ட்ரபீசியம் நட்சத்திரங்கள் பிரித்துவைத்த அரிசி மணிகள் மாதிரி எழுந்துவந்தன. மாஸ்க்கின் விளிம்பை நன்றாக மழுக்கவில்லை என்றால் சுற்றிலும் சாம்பல் வளையம் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தில் ஒரு சண்டை உண்டு. ஹைட்ரஜனின் சிவப்பு 656.3 நானோமீட்டர், மாற்றம் செய்யாத கேமராவின் வடிகட்டி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அதனால் சிவப்பு இளஞ்சிவப்பாக விழும். இழுத்துப் பிழிய வேண்டாம். இன்னொன்று, பச்சையை நீக்கும் பொத்தானைப் பழக்கதோஷத்தில் அழுத்துவது. ட்ரபீசியத்தைச் சுற்றியிருக்கும் பச்சை பொய்யல்ல, 500.7 நானோமீட்டரில் ஆக்சிஜன் வீசும் ஒளி அது. பின்புலத்துக்கு மட்டும் பாதி அளவில் அந்தப் பொத்தானைப் போட்டு, நடுவைத் தொடாமல் விட்டோம்.

சேமிப்பது 16 பிட் டிஃப் கோப்பாக. 8 பிட் ஜேபெக்கில் வைத்துப் பிரகாசத்தை ஏற்றினால் வெளித்தூசி படிக்கட்டாக உடைகிறது.