விலை கூடிய போனில் மட்டும் க்ராஷ் ஆன கோபுரப் படம்

யாங்கோன் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கான படப்புதிர் செயலி, ஒருவழியாக இந்த வாரம் கைக்குக் கிடைத்த எல்லாப் போன்களிலும் திறக்கிறது. மூன்று வார வேலை. அதில் பெரும்பகுதியை விழுங்கியது ஒரே ஒரு பின்னணிப் படம்.

480 × 854 திரை, 1 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 5.1 உள்ள பழைய போனில் செயலி சிணுங்காமல் ஓடியது. 1440 × 2560 திரையும் 4 ஜிபி ரேமும் உள்ள போனில் முதல் பக்கமே வரவில்லை, நேராக க்ராஷ். நினைவகம் குறைந்த போனில் ஓடுவது, நிறைய உள்ள போனில் ஏன் விழ வேண்டும்?

விடை லாக்கிலேயே (செயலி ஓடும்போது எழுதும் பதிவில்) இருந்தது. ‘கேன்வாஸ்: ட்ரையிங் டு ட்ரா டூ லார்ஜ் பிட்மேப்’ (அளவுக்கு மீறிய பிக்சல் படத்தை வரையப் பார்க்கிறது) என்ற வரி, அதன் நடுவே 132710400 பைட் என்று ஓர் எண். இப்படி ஓர் எண் கிடைத்தால் அதை விடக்கூடாது. ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஆகவே 4ஆல் வகுத்தால் 33177600. அதைப் பிரித்தால் 4320 × 7680. கோப்பில் இருந்த படமோ 1080 × 1920. நீளத்திலும் அகலத்திலும் கச்சிதமாக 4 மடங்கு. யாரோ படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அந்த யாரோ ஆண்ட்ராய்டுதான்.

படம் கிடந்தது பின்னொட்டு எதுவும் இல்லாத வெறும் ‘ட்ராயபிள்’ போல்டரில். அங்கே கிடக்கும் எந்த பிட்மேப்பையும் 160 டிபிஐ (ஓர் அங்குலத்தில் உள்ள பிக்சல்) அடர்த்திக்கு வரைந்தது என்றே ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளும். விழுந்த போனின் அடர்த்தி 640, ஆகவே நீளம், அகலம் ஒவ்வொன்றிலும் 4 மடங்கு, நினைவகத்தில் 16 மடங்கு. ஒரு பிட்மேப் 100 எம்பியை, அதாவது 104857600 பைட்டைத் தாண்டினால் கேன்வாஸ் வரைய மறுத்துவிடும். அங்கேதான் விழுந்தது.

480 டிபிஐ போனில் இதே படம் 3240 × 5760 ஆகிறது: 74649600 பைட். வரம்புக்குள் இருப்பதால் க்ராஷ் இல்லை. 71 எம்பி மட்டும் சத்தமில்லாமல் போய்விடுகிறது. க்ராஷைவிட இது மோசம், ஏனென்றால் கண்ணில் படாது. பழைய 240 டிபிஐ போனில் 1620 × 2880, அதாவது 18662400 பைட். அந்தத் திரைக்கு உண்மையில் வேண்டியது 480 × 854 × 4 = 1639680 பைட்தான். ஓடியது என்று நினைத்த போனிலும் தேவையைப் போல 11 மடங்கு செலவு.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் யோசனை ‘படத்தை வெப்பி (ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பு வகை) ஆக்கிச் சுருக்கு’ என்பது. சுருக்கிப் பார்த்தாயிற்று. 900 கேபி ஜேபெக் 140 கேபி வெப்பி ஆனது. க்ராஷ் வரியில் அதே 132710400. கோப்பின் கனம் வேறு, விரித்த படத்தின் கனம் வேறு. சுருக்கம் செயலியின் அளவைத்தான் குறைக்கும். விரித்தபின் அகலம் × உயரம் × 4, அவ்வளவுதான் கணக்கு. தரம் 10இல் சேமித்தாலும் 100இல் சேமித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்து, படத்தை விரிக்கும்போதே அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கும் இன்சாம்பிள்சைஸ் 2 வைத்துப் பார்த்தது. இதில் ஒரு கண்ணி உண்டு. படம் முதலில் 540 × 960 ஆகக் குறைகிறது, பிறகு போல்டர் அடர்த்திக்காக 4 மடங்கு ஊதி 2160 × 3840 ஆகிறது. 33177600 பைட். க்ராஷ் நின்றது, ஆனால் கோபுரத்துச் சிற்பங்கள் எல்லாம் நீரில் நனைந்த மாதிரி மங்கிப் போயின. விவரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வெற்றுப் பிக்சலை நிரப்பிக்கொள்ளும் வேலை இது. அடர்த்திக்கேற்ப அளவை மாற்றச் சொல்லும் இன்ஸ்கேல்டு என்பதைப் பொய் (ஃபால்ஸ்) என்று வைத்தால் ஊதல் நிற்கும். ஆனால் திரையமைப்பை எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பில் நேரடியாகக் கொடுத்த படத்துக்கு அதை வைக்க வழியில்லை.

தீர்வு போல்டரின் பெயர்: ‘ட்ராயபிள்-நோடிபிஐ’. படத்தை அங்கே நகர்த்தியதும் எந்தப் போனிலும் கோப்பில் உள்ள அளவுதான், ஊதலும் இல்லை, சுருங்கலும் இல்லை. ஐகான், பொத்தான் போன்றவற்றுக்கு இது ஆகாது. அவை அடர்த்திக்கு ஏற்ப வளரத்தான் வேண்டும். திரை முழுக்க விரியும் புகைப்படத்துக்கு இதுவே சரி.

ஐந்து அடர்த்திக்கும் ஐந்து படம் வரைந்து தனித்தனி போல்டரில் போடலாமே என்றால், ப்ளே ஸ்டோர் வழியாகப் போகும் செயலிக்கு அது சரி. எல்லாப் படமும் அடங்கிய பண்டில் கோப்பைக் கடைக்குக் கொடுத்தால் அந்தந்தப் போனுக்கு வேண்டிய படம் மட்டும் இறங்கும். இங்கே நிலைமை வேறு. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு ஏபிகேயை (செயலியை நிறுவும் கோப்பை) கைமாற்றிக்கொள்கிறார்கள். டேட்டா செலவு இல்லை. அப்படிப் போகும் ஏபிகேயில் ஐந்து படமும் சேர்ந்தே போகும். ஒரே நோடிபிஐ படம், அதைத் திரைக்கேற்ப விரிப்பது. இந்த ஊருக்கு அதுதான் பொருந்துகிறது.

அந்த ஒரே படம் என்ன அளவில் இருக்க வேண்டும்? இதற்கு ஒரு நாள் முழுக்கத் தாளில் கணக்குப் போட்டது வீண்போகவில்லை. பழைய 1080 × 1920 படத்தை 1080 × 2400 திரையில் சென்டர்கிராப் செய்தால் (திரை நிறையும்வரை பெருக்கி, மிஞ்சும் ஓரங்களை வெட்டினால்) 1.25 மடங்கு பெருகி அகலம் 1350 ஆகும். இடத்தில் 135, வலத்தில் 135 பிக்சல் வெட்டுப்படும். ஓரத்தில் எழுதியிருந்த ‘ழ’ பாதி காணாமல் போனது இப்படித்தான். ஆகவே மூலப்படம் இப்போது 1350 × 2400. 16:9 திரையில் முழுப்படமும் தெரியும். 20:9 திரையில் உயரம் முழுசாக நின்று, அகலத்தில் நடு 1080 தெரியும். 4:3 டேப்லெட்டில் அகலம் முழுசாக நின்று, உயரத்தில் நடு 1800 தெரியும். மூன்றுக்கும் பொதுவான இடம் நடுவில் உள்ள 1080 × 1800. கோபுரம், எழுத்து, பொத்தானுக்கு விட்ட வெற்றிடம் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள். வெளியே வானமும் மரமும் மட்டும். வெட்டுப்பட்டால் யாருக்கும் நட்டமில்லை.

விரித்தால் 1350 × 2400 × 4 = 12960000 பைட். பழைய போனுக்கு இதுவும் அதிகம்தான். அங்கே வேண்டிய விகிதம் (திரை ÷ படம்) 0.356, தலைகீழாக 2.81, அதற்குக் கீழுள்ள இரண்டின் அடுக்கு 2. இன்சாம்பிள்சைஸ் 2 வைத்ததும் 675 × 1200, 3240000 பைட். இதில் 3 என்று எழுதினாலும் 2ஆகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்; இரண்டின் அடுக்குக்குக் கீழ்நோக்கி இறக்கிவிடும். அகலம், உயரம் இரண்டுக்கும் விகிதம் எடுத்துப் பெரிய விகிதத்தையே வைக்க வேண்டும். சிறியதை எடுத்தால் ஒரு பக்கம் திரையைவிடக் குட்டையாகி மறுபடியும் இழுபடும். ஒரு பிக்சலுக்கு 2 பைட் மட்டும் எடுக்கும் ஆர்ஜிபி 565 போட்டால் நினைவகம் பாதியாகும். ஆனால் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. கோலம், கோட்டோவியம் போன்றவற்றுக்கு அது போதும், வானத்துக்கு வேண்டாம்.

திரை அளவை எங்கே கேட்பது என்பதிலும் ஒரு தெளிவு வந்தது: திரையையே கேட்காதீர்கள். திரை விவரம் சொல்லும் டிஸ்ப்ளேமெட்ரிக்ஸ் தரும் உயரம் சில போன்களில் கீழே உள்ள வழிசெலுத்தும் பட்டையைக் கழித்து வரும். திரை அளவு கேட்கும் பழைய கெட்சைஸ் ஏபிஐ 30லிருந்தே (ஏபிஐ எண் ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிப்பது) கைவிடப்பட்டது. திரையை இரண்டாகப் பிரித்து வைத்தால் எல்லாக் கணக்கும் தப்பு. செயலி குறிவைக்கும் ஏபிஐயை (டார்கெட்) 35 என்று வைத்தால் ஆண்ட்ராய்டு 15இல் செயலி தானாகவே விளிம்புவரை விரியும். படத்தை வரையப்போகிற வியூவின் (திரையில் படம் நிற்கும் கட்டத்தின்) அளவு முடிவானதும் அழைக்கப்படும் ஆன்சைஸ்சேஞ்ச்டில் வரும் அகலம், உயரம்தான் நம்பத்தக்கது. திரை உருவாகத் தொடங்கும் ஆன்கிரியேட்டிலேயே கெட்விட்த் (அகலம்) கேட்டால் 0 வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 0ஆல் வகுத்த கணக்கு எங்காவது பதுங்கியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி புதிர்த் துண்டுகள். யாங்கோனை அடுத்த தன்லின் பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் படத்தை 4 பத்தி, 5 வரிசையாக வெட்டுவது. 1080 அகலம், 420 டிபிஐ போனில் 8 டிபி (அடர்த்திக்கேற்ப பிக்சலாக மாறும் அளவு) என்பது 21 பிக்சல்; இரு பக்கமும் ஓரம் விட்டால் பலகை 1038. நான்கால் வகுத்தால் 259.5. கீழே இறக்கி 259 வைத்தால் வலது ஓரத்தில் 2 பிக்சல் வெள்ளைக்கோடு. மேலே ஏற்றி 260 வைத்தால் 2 பிக்சல் வெளியே தள்ளும். 259.5 என்று தசமத்திலேயே வரைந்தால் இன்னும் கேடு: இரண்டு துண்டும் அந்தப் பிக்சலைப் பாதி பாதி நிரப்ப, இடையில் பின்னணி மெல்லிய மயிரிழையாகத் தெரிகிறது. புதிர் கூடி முடிந்தபிறகும் கோபுரத்தின் நடுவே கோடு நின்றால், பிள்ளை இன்னும் ஏதோ சேரவில்லை என்று துண்டை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

துண்டின் அகலத்தைக் கணக்கிடாமல் வெட்டுக்கோட்டைக் கணக்கிட்டால் சரியாகிவிடும். முதலில் பெருக்கி, பிறகு வகுக்க வேண்டும்: கோட்டின் எண் × 1038 ÷ 4, முழு எண்ணில். 0, 259, 519, 778, 1038. துண்டுகள் 259, 260, 259, 260. கூட்டினால் 1038, ஒரு பிக்சல்கூட மிச்சமில்லை. உயரம் 1384க்கு 5 வரிசை: 0, 276, 553, 830, 1107, 1384. படத்தையும் முதலிலேயே 1038 × 1384க்கு அளவாக்கிக்கொண்டால், மூலத்தில் வெட்டும் கோடும் திரையில் வைக்கும் கோடும் ஒன்றே. மறு அளவாக்கமே இல்லாததால் கோடு விழ இடமில்லை.

புகைப்படம் 4000 × 3000. முழுசாக விரித்தால் 48000000 பைட். ஆண்ட்ராய்டு 8க்கு முந்தைய போன்களில் பிட்மேப்பின் பிக்சல்கள் ஜாவா ஹீப்பிலேயே (செயலிக்கு வரம்பிட்டு ஒதுக்கிய நினைவகத்திலேயே) உட்காரும். பழைய போனின் மெமரிகிளாஸ், அதாவது அந்த வரம்பு, 96 எம்பிதான். இரண்டாவது படம் தாங்காது. இன்சாம்பிள்சைஸ் 2க்குப் பின் 12000000, அளவாக்கியபின் 5746368. அளவாக்கி முடித்ததும் முதல் படத்தை ரீசைக்கிள் செய்யும்போது (நினைவகத்திலிருந்து விடுவிக்கும்போது) கவனம்: கேட்ட அளவும் இருக்கும் அளவும் ஒன்றாக இருந்தால் அளவாக்கும் கிரியேட்ஸ்கேல்டுபிட்மேப் புதுப் படம் தராது, அதே படத்தையே திருப்பித் தரும். பழையது என்று ரீசைக்கிள் செய்தால் கையில் உள்ளதும் போய்விடும். இரண்டும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் படுத்துக்கொண்டு வந்தால் அது எக்ஸிஃப், கேமரா கோப்பில் எழுதி வைக்கும் திசைக் குறிப்பு. படத்தை விரிக்கும் பிட்மேப்ஃபேக்டரி அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது. 6 என்று இருந்தால் வலப்பக்கமாக 90 பாகை திருப்ப வேண்டும். அதைவிட முக்கியம், விகிதம் போடுவதற்கு முன்பே அகலத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏபிஐ 28லிருந்து கிடைக்கும் இமேஜ்டிகோடர் தானே திருப்பித் தரும். ஏபிஐ 21லிருந்து ஆதரவு தருபவர்களுக்கு அந்தச் சொகுசு இல்லை.

சோதனைக்கு ஐந்து போன் வேண்டியதில்லை. கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபியில் ‘ஏடிபி ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி 640’ என்று கொடுத்தால் 480 டிபிஐ போனிலேயே அந்த க்ராஷைக் கண்ணால் பார்க்கலாம். ‘டபிள்யூஎம் சைஸ் 720எக்ஸ்1600’ கொடுத்தால் விலை குறைந்த 20:9 போனின் திரை கிடைக்கும். முடிந்ததும் இரண்டுக்கும் ‘ரீசெட்’. ஹீப் வரம்பு மட்டும் இதனால் மாறாது. அதற்கு நிஜமான பழைய போன் ஒன்று கட்டாயம். அனோரத்தா சாலைப் பக்கம் பழைய போன் வாங்கப் போகிறவர்கள் வாங்கும் முன் அமைப்புக்குள் போய் டிஸ்ப்ளே சைஸ் இயல்பு அளவில் (டிஃபால்ட்) இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் பெரிதாக்கி வைத்திருந்தால் அடர்த்தியே மாறி, உங்கள் அளவெல்லாம் தப்பாகத் தெரியும்.

இன்னும் முடியாதது பர்மிய விளக்கச் சொற்கள். 2019 அக்டோபர் 1இல் மியான்மர் யூனிகோடுக்கு மாறினாலும், வீடுகளில் கிடக்கும் பழைய போன்களில் யூனிகோடோடு ஒத்துப்போகாத ஜாவ்ஜி எழுத்துருதான். யூனிகோடில் எழுதினால் அங்கே எழுத்து சிதைகிறது. அதனால்தான் ஆரம்பத்தில் அந்தச் சொற்களை எல்லாம் படமாக்கி வைத்தது, அவையும் அதே வெறும் ட்ராயபிள் போல்டரில். 60 சொல், 60 படம். பதாவ்க் என்ற பர்மிய யூனிகோடு எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே சேர்த்து, படங்களைத் தூக்கிவிட்டு எழுத்தாகவே வரைய முடிவு. தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே அப்படித்தான் போகின்றன; ‘கீ’யின் மேல்சுழியும் ‘ஸ்ரீ’யின் வாலும் வெட்டுப்படாமல் இருக்க, உயரத்தைக் குத்துமதிப்பாக வைக்காமல் எழுத்தின் உண்மையான எல்லையை அளக்கும் கெட்டெக்ஸ்ட்பவுண்ட்ஸ் தரும் அளவோடு மேலும் கீழும் 4 டிபி சேர்க்க வேண்டியிருந்தது.

பரிசுத் திரைக்குப் புள்ளிக்கோலத்தை வெக்டராக (பிக்சலாக இல்லாமல் கோட்டுக் குறிப்புகளாக) வரைந்து பார்க்கும் வேலையும் தொடங்கியாயிற்று. ஒரே கோட்டுப் பாதையின் குறிப்பு 800 எழுத்தைத் தாண்டியதும், நிரலைச் சோதிக்கும் லிண்ட் எச்சரிக்கிறது. இழை இழையாகப் பிரித்து, 200 × 200 டிபிக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிற்காவிட்டால் கோலமும் நோடிபிஐ போல்டருக்கே, 565இல்.