018956 எங்கே போனது?

மரினா பே சேண்ட்ஸின் அஞ்சல் குறியீடு 018956. விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்கு 188064, ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு 189673. முகவரிப் பட்டியலை எக்செலில் திறந்து சேமித்தால் முதல் எண்ணின் முன்சுழி உதிர்ந்து 18956 ஆகிவிடும். அதை அப்படியே எழுத்துச்சரமாக்கி, பதிவுகளை வரிசை குலையாமல் கிளை கிளையாக வைக்கும் தேடல் மரத்தில் கீயாக (வரிசைப்படுத்தவும் தேடவும் உதவும் அடையாளமாக) போட்டால், எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் அது நூலகத்துக்கும் ராஃபிள்ஸுக்கும் நடுவே போய் உட்காரும். "01" முதல் "02"க்கு முன்புவரை என்று கேட்டால் ஒன்றும் வராது. "18" வட்டாரத்தைக் கேட்டால் மரினா பேயும் சேர்ந்து வரும். பிழைச்செய்தி எதுவும் கிடையாது. ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் என்று வணிக வட்டாரம் முழுவதும் சுழியில் தொடங்குவதால் இழப்பும் பெரிது. ஆறு இலக்கமும் எப்போதும் எழுத்தாகவே இருக்க வேண்டும். ஏற்றும் இடத்திலேயே நீளத்தைச் சோதித்துவிடுவது நல்லது.

இப்படி இரண்டு வரம்புகளுக்கு இடைப்பட்டவற்றைக் கேட்கும் வரம்புத் தேடல் தவறினால் முதலில் கீயைப் பார்க்க வேண்டும். பலர் மரத்தைச் சந்தேகித்து நாள் கணக்கில் நேரத்தை இழக்கிறார்கள். தன் உயரத்தைத் தானே சமன் செய்துகொள்ளும் ஏவிஎல் மரம் 1962இலேயே வந்துவிட்டது. அதிலும் சரி, அதே வகையான சிவப்பு-கருப்பு மரத்திலும் சரி, சுழற்றல் (கிளைகளை இடம் மாற்றிச் சமன் செய்வது) உயரத்தை மட்டுமே மாற்றும். இடமிருந்து வலமாகப் படித்தால் வரும் வரிசையைத் தொடாது. அந்த வரிசையைத் தீர்மானிப்பது நாம் எழுதிக் கொடுக்கும் ஒப்பீட்டு விதி.

தேடும் முறை எளிது. மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு கீ இருக்கும், அதைவிடச் சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். கீழ் வரம்போடு உச்சிக் கணுவான வேரிலிருந்து இறங்க வேண்டும். கணுவின் கீ அந்த வரம்பைவிடச் சிறியதென்றால் வலப்பக்கம். இல்லையென்றால் அந்தக் கணுவைக் குறித்துக்கொண்டு இடப்பக்கம். இறங்க வழியில்லாதபோது கடைசியாகக் குறித்ததே தொடக்கம். அங்கிருந்து அடுத்தடுத்த கீயாக நடந்து, மேல் வரம்பை எட்டியதும் நிற்க வேண்டும். ஒரு மில்லியன் கீகள் இருந்தாலும் ஏவிஎல் மரத்தின் உயரம் 28ஐத் தாண்டாது. சிவப்பு-கருப்பு மரத்தில் 40ஐத் தாண்டாது. அதற்குமேல் ஆகும் செலவு, கிடைக்கும் விடைகளின் எண்ணிக்கை அளவுதான். கீகளை வரிசையின்றிச் சிதறடித்து வைக்கும் ஹேஷ் அட்டவணையால் இதைச் செய்ய முடியாது. அங்கே பக்கத்துக் கீ என்று ஒன்றே இல்லை.

பேருந்து வருகைப் பதிவுகளை எடுத்துக்கொள்வோம். கீ இரண்டு பகுதி: நிறுத்த எண், நேரம். "01012 நிறுத்தத்தில் காலை 8 முதல் 9 வரை" என்ற கேள்விக்கான விடைகள் மரத்தில் ஒரே துண்டாக அடுத்தடுத்து இருக்கும். "தீவு முழுவதும் 8 முதல் 9 வரை" என்றால் அதே மரத்தில் விடைகள் ஒவ்வொரு நிறுத்தத்தின் கீழும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒருமுறை இறங்கியாக வேண்டும். அந்தக் கேள்வி அடிக்கடி வருமென்றால் நேரத்தை முன்னால் வைத்து இன்னொரு மரம் கட்டுவதுதான் சரி. ஒரே மதிப்பாகக் கேட்கப்படும் பகுதி முன்னால், வரம்பாகக் கேட்கப்படும் பகுதி பின்னால். ஒரே நிறுத்தத்துக்கு ஒரே வினாடியில் இரண்டு பேருந்துகள் வந்தால் கீயும் ஒன்றாகிவிடும், பின்னது முன்னதை அழித்துவிடும். பேருந்தின் பதிவு எண்ணைக் கடைசிப் பகுதியாகச் சேர்த்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

மேல் வரம்பை 23:59:59 என்று எழுதும் பழக்கத்தை விட்டேயாக வேண்டும். 23:59:59.5க்கு வந்த பதிவு காணாமல் போகும். மறுநாள் 00:00:00, அதைச் சேர்க்காமல் என்று எழுதுங்கள். நேரத்தை உலக நேரத்தில் (UTC) வைத்திருந்தால் சிங்கப்பூரின் நாள் முந்தைய நாள் 16:00க்குத் தொடங்கும். (1982 தொடங்கும்போது நம் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. பழைய பதிவுகளைத் தேடுகிறவர்கள் 1981 டிசம்பர் 31க்கு 24 மணி கூட்டக் கூடாது.)

நள்ளிரவைத் தாண்டும் கடைசிப் பேருந்துகளுக்கு வெறும் மணி நேரத்தைக் கீயாக வைப்பதும் ஆபத்து. 22:00 முதல் 01:00 வரை என்றால் கீழ் வரம்பு மேல் வரம்பைவிடப் பெரிதாகிவிடும். ஜாவா நிரல்மொழியில் இத்தகைய மரமான ட்ரீமேப் இதை ஏற்காமல் விதிவிலக்கு (பிழை அறிவிப்பு) எறியும். ரஸ்ட் மொழியில் அதே வேலையைச் செய்யும் பிட்ரீமேப் அங்கேயே நிரலை நிறுத்தும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் இரண்டு முனைகளையும் தனித்தனியாகத் தேடி நடந்தால், முடிவு முனை பின்னால் இருப்பதால் நடை மரத்தின் எல்லையையே கடந்துவிடும். மூன்றில் இதுதான் மோசமானது. போக்குவரத்து அட்டவணைகளில் நள்ளிரவுக்குப் பிந்திய ஒரு மணியை 25:00 என்று எழுதுவார்கள். வரிசை கெடாமல் காக்கும் நல்ல வழி அது.

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் இயங்கும் ஊரில் தமிழ்ச் சொற்களும் கீயாக வரும். அகராதியில் "பக்கம்" முன்னால், "பகல்" பின்னால். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்கும் பிறகு வருவதால், அந்த எண்களின்படி அடுக்கும் பைட் வரிசையில் இது தலைகீழாகும். "ற"வும் "ன"வும்கூடத் தம் இடத்தில் இல்லை. "கொடி"யின் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, மரத்துக்கு இரண்டு கீ. சேர்க்கும்போதும் தேடும்போதும் ஒரே வடிவத்துக்கு மாற்றி, தமிழ் வரிசை விதியை இரு இடத்திலும் பயன்படுத்த வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால், இருக்கும் சொல்லையே மரம் இல்லை என்று சொல்லும்.

சோதிக்க ஒரு வழி எப்போதும் கைகொடுக்கும். இரண்டு வரம்புகளைக் கண்டபடி தேர்ந்தெடுத்து, மரம் தரும் விடையை எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்த விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டு வரம்பும் ஒன்றான நிலை, வரம்பு எந்தக் கீயிலும் பொருந்தாத நிலை, மேல் வரம்பும் கீழ் வரம்பும் இடம் மாறிய நிலை ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். சுழியில் தொடங்கும் ஒரு குறியீடும், புள்ளி வைத்த ஒரு தமிழ்ச் சொல்லும் சேரட்டும்.